தூக்கா, ஊசியா: முறையைப் பற்றி வாதாடுவதில் பயன் உண்டா?

#1 கோர்ட்டுவாசல்

தூக்குக்கு மாற்று வழி கேட்டு வழக்கறிஞர் ரிஷி மல்ஹோத்ரா 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல மனுவைப் பற்றி வேறொரு இழையில் பேச்சு எழுந்து, பத்துப் பதிவுக்குள் கட்சிச் சண்டையாகிவிட்டது. அதனால் தனி இழை.

சட்டம் இப்போது நிற்கும் இடம் இது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354(5), சாகும்வரை கழுத்தில் தூக்கிட வேண்டும் என்றது. அதே வாசகம் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 393(5) ஆகியிருக்கிறது. பழைய பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரண் என்று 1983-ல் தீனா வழக்கில் வாதிட்டார்கள். தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் அமர்வு மனுவைத் தள்ளியது. ஆனால் தள்ளும்போது ஒன்று சொன்னது: முறை கொடூரமானதல்ல என்று காட்டும் பொறுப்பு அரசுக்குத்தான், கைதிக்கு அல்ல.

2003-ல் சட்ட ஆணையம் தன் 187-வது அறிக்கையில் தூக்கோடு விஷ ஊசியையும் ஒரு வழியாகச் சேர்க்கலாம், எது என்பதை நீதிபதி முடிவு செய்யட்டும் என்று பரிந்துரைத்தது. அது அப்படியே கிடக்கிறது. 2018-ல் மத்திய அரசு மல்ஹோத்ரா மனுவுக்குப் பதில் சொல்லும்போது தூக்குதான் விரைவானது, எளிமையானது என்றது. 2023 மார்ச்சில் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், தூக்கில் உயிர் போக எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு வலி என்பதற்குத் தரவு உண்டா என்று அரசைக் கேட்டார். அப்பா தீர்ப்பெழுதி நாற்பது வருஷம் கழித்து மகன் கேட்ட கேள்வி.

முறையைப் பற்றிய இந்த வாதம் உண்மையில் முறையைப் பற்றியதுதானா? இல்லை, தண்டனையே வேண்டாம் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறோமா?

#2 நெல்லைச்சீமை

சுற்றி வளைப்புதான், சந்தேகமே இல்லை. கொலைக்குப் பலியானவருக்கு யாரும் மயக்க மருந்து கொடுக்கவில்லை. தீர்ப்பு வந்தால் நிறைவேற்றுங்கள். 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்' என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். களை எடுக்கிறவன் களைக்கு வலிக்குமா என்று பார்ப்பானா?

#3 தடயம்

வள்ளுவரை விட்டுவிட்டு உடலுக்கு வருகிறேன். 'தூக்கு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு மரணங்கள் இருக்கின்றன, அது தெரியாமல் இந்த விவாதம் நகராது.

பழைய தூக்கு மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் நெரித்துக் கொல்வது. கூட்டம் கூடிப் பார்த்த காலத்தின் முறை அது. 1866-ல் அயர்லாந்தின் சாமுவேல் ஹாட்டன் இதைக் கணக்காகப் போட்டார்: உடல் எடைக்கு ஏற்ப விழும் உயரத்தை மாற்றினால் நெரிபடுவதற்கு முன்பே கழுத்தெலும்பு முறியும். 1872 முதல் இங்கிலாந்தில் வில்லியம் மார்வுட் அதைத் தொழிலாகச் செய்தார். 'நீண்ட வீழ்ச்சி' என்று சொல்வது இதைத்தான்.

கணக்கு இரண்டு பக்கமும் தவறும். விழும் உயரம் குறைந்தால் பழையபடி நெரிபடல். கூடினால் தலை துண்டிப்பு. 1885-ல் நாரிச் சிறையில் ராபர்ட் குடேல் என்பவருக்கு இரண்டாவது நடந்தது. அதே வருஷம் எக்ஸிடரில் ஜான் லீ என்பவரை மூன்று முறை நிறுத்தியும் பொறிக்கதவு திறக்கவில்லை. அவர் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. இவற்றுக்குப் பிறகுதான் ஆபர்டேர் குழு உட்கார்ந்து 1888-ல் எடைக்கான அட்டவணையைத் தந்தது. அந்த அட்டவணையையும் பிறகு திருத்த வேண்டியிருந்தது. எடை மட்டும் போதாது, கழுத்தின் தசை, வயது, பழைய நோய் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம் இது. ஒரே எடையுள்ள இரண்டு பேருக்கு ஒரே விளைவு வரும் என்று எந்தத் தடயவியல் மருத்துவரும் சத்தியம் செய்ய மாட்டார்.

தீனா தீர்ப்பு பெரிதும் சாய்ந்துகொண்டது 1949–53-ல் பிரிட்டனில் உட்கார்ந்த ராயல் கமிஷன் அறிக்கையின் மேல். அந்தக் கமிஷன் பார்த்தது பயிற்சி பெற்ற தூக்கிலிடுபவர்களையும், அடிக்கடி நடந்த தூக்குகளையும். இந்தியாவில் 2004 ஆகஸ்ட் 14-ல் கொல்கத்தா அலிப்பூர் சிறையில் ஒன்று. அடுத்தது 2012 நவம்பரில் புனே எரவாடா சிறையில். எட்டு வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற வேலையில் கைத்தேர்ச்சி எங்கிருந்து வரும்?

#4 சிறைவிதி

தடயம் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2020 மார்ச் 20-ல் திகாரில் நான்கு பேரைத் தூக்கிலிட ஆள் மீரட்டிலிருந்து வந்தார். கயிறு பீகாரின் பக்சர் சிறையில் திரிப்பது. மணல் மூட்டை கட்டிக் கயிற்றைச் சோதிப்பது விதியில் இருக்கிறது. ஆனால் மூட்டைச் சோதனை கயிறு அறுமா என்று சொல்லும். கழுத்தில் என்ன நடக்கும் என்று சொல்லாது.

தமிழ்நாட்டில் கடைசித் தூக்கு 1995 ஏப்ரல் 27, சேலம் மத்திய சிறை, ஆட்டோ சங்கர். அதற்குப் பிறகு இங்கே யாருக்கும் நடக்கவில்லை.

#5 பாலாவி

இலங்கையில் 1976 ஜூன் 23-க்குப் பிறகு தூக்கு இல்லை, நீதிமன்றங்கள் மட்டும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அலுகோசு, அதாவது தூக்கிலிடுபவர் வேலைக்கு ஆள் எடுப்பார்கள், ஆள் போய்விடுவார். 2014-ல் சேர்ந்தவர் தூக்குமேடையை முதல்முறை பார்த்ததும் வேலையை விட்டார். முறை சரியா என்ற கேள்விக்கு அந்த ராஜினாமாவை விட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

#6 கருப்புக்கோட்டு

ஊசி என்றால் நோயாளி தூங்குவது போல உயிர் போகும் என்று நினைக்கிறவர்கள் அமெரிக்கக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

1977-ல் ஓக்லஹோமாவின் தலைமை மருத்துவப் பரிசோதகர் ஜே சாப்மன் மூன்று மருந்து வரிசையைச் சொன்னார். முதலில் மயக்கும் சோடியம் தயோபென்டால், அடுத்து தசைகளை முடக்கும் பான்குரோனியம், கடைசியில் இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைடு. எந்த மருத்துவ ஆய்வும் நடக்கவில்லை. 1982 டிசம்பர் 7-ல் டெக்சாஸ் முதலில் பயன்படுத்தியது. மற்ற மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொண்டன.

இரண்டாவது மருந்து எதற்கு என்று கேளுங்கள். சாவதற்கு அது தேவையில்லை. உடல் துடிக்காமல் இருக்க மட்டுமே அது. அதாவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கான மருந்து. முதல் மருந்து சரியாக ஏறாவிட்டால் உள்ளே இருப்பவர் விழித்தபடியே மூச்சுத் திணறிப் பொட்டாசியத்தின் எரிச்சலையும் அனுபவிப்பார், விரல்கூட அசையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2008 பேஸ் வழக்கில் நீதிபதி ஸ்டீவன்ஸ் சுட்டிக்காட்டினார்: கென்டக்கியில் விலங்கைக் கருணைக்கொலை செய்யும்போது இந்த வகை மருந்துக்குத் தடை. நாய்க்குக் கூடாது, மனிதனுக்குக் கூடும்!

அடுத்த சிக்கல் ஊசி குத்துகிற கை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறநெறி, மருத்துவர் மரண தண்டனையில் பங்கெடுப்பதைத் தடுக்கிறது. மயக்கவியல் வாரியம் 2010-ல், பங்கெடுத்தால் சான்றிதழ் போகும் என்றது. தேர்ந்தவர்கள் விலகினால் மிஞ்சுகிறவர்கள்தான் நரம்பு தேடுவார்கள். 2009-ல் ஓஹையோவில் ரோமெல் புரூமுக்கு இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்காமல் சிறைக்கே திருப்பி அனுப்பினார்கள். 2014 ஏப்ரல் 29-ல் ஓக்லஹோமாவில் கிளேட்டன் லாக்கெட்டுக்குக் கைகால் எல்லாம் பார்த்துவிட்டுத் தொடை இடுக்கில் போட்டார்கள். அந்த இடத்தைத் துணியால் மூடியதால் மருந்து நரம்புக்குள் போகாமல் சதையில் கசிந்ததை யாரும் பார்க்கவில்லை. உயிர் போக 43 நிமிடம்.

மருந்தும் தீர்ந்தது. 2011 ஜனவரியில் ஹோஸ்பைரா என்ற மருந்து நிறுவனம் தயோபென்டால் தயாரிப்பை நிறுத்தியது, அதே டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது, 2016-ல் ஃபைசர் நிறுவனமும் மரண தண்டனைக்கு மருந்து தர மறுத்துக் கதவை மூடியது. உடனே பல மாநிலங்கள் மருந்து எங்கே வாங்கினோம் என்பதையே ரகசியமாக்கிச் சட்டம் போட்டன. 1890 முதல் 2010 வரை நடந்த மரண தண்டனைகளை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஆஸ்டின் சாரட்டின் கணக்கில் மொத்தத்தில் சுமார் 3 சதவீதம் தவறியிருக்கின்றன. விஷ ஊசியில் மட்டும் 7 சதவீதத்துக்கு மேல். தூக்கை விட, மின்நாற்காலியை விட அதிகம். 187-வது அறிக்கை நமக்குச் சொன்ன மாற்று இதுதான்.

#7 நெல்லைச்சீமை

சரி, ஊசி வேண்டாம். நைட்ரஜன் வாயுவைச் சுவாசிக்க வைத்துக் கொல்லும் முறை வந்துவிட்டதே? அதில் நரம்பும் தேட வேண்டாம், மருந்துக் கம்பெனியிடம் கையேந்தவும் வேண்டாம்.

#8 கருப்புக்கோட்டு

அதையும் பார்த்துவிட்டோம் அண்ணாச்சி. 2022 நவம்பரில் அமெரிக்காவின் அலபாமா மாநிலம் கென்னத் ஸ்மித்தைக் கட்டிலில் கட்டி நரம்பு தேடித் தோற்றது. அவரையே 2024 ஜனவரி 25-ல் நைட்ரஜன் முகமூடி போட்டுக் கொன்றது. நினைவு சில நொடிகளில் போய்விடும் என்று அரசு நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. நேரில் பார்த்த செய்தியாளர்கள் எழுதியதோ, நிமிடக்கணக்கில் உடல் முறுக்கித் துடித்ததை. மூச்சைப் பிடித்துக்கொண்டார், அதனால்தான் என்று அரசுத் தரப்பு விளக்கம் கொடுத்தது. கொல்லும் முறை ஒழுங்காக வேலை செய்யச் சாகிறவர் ஒத்துழைக்க வேண்டுமாம்.

இன்னொன்று: ஸ்மித்துக்கு மரண தண்டனை வேண்டாம், ஆயுள் போதும் என்று ஜூரிகள் 11-க்கு 1 என்று சொல்லியிருந்தார்கள். நீதிபதி அதை மீறித் தீர்ப்பெழுதினார். பிறகு அலபாமா அந்த அதிகாரத்தையே 2017-ல் ரத்து செய்தது, ஆனால் பழைய வழக்குகளுக்கு அது பொருந்தாது என்றது. உலகமே முகமூடியைப் பற்றிப் பேசியது. இந்த 11-க்கு 1-ஐப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்.

சட்டமும் அங்கே தலைகீழ். 2015 குளோசிப், 2019 பக்லூ தீர்ப்புகளின்படி, இந்த முறை கொடுமை என்று சொல்லும் கைதி, இதைவிட வலி குறைந்த, நடைமுறைக்கு ஒத்துவரும் வேறு முறையைத் தானே காட்ட வேண்டும். தன் பாடைக்குத் தானே மூங்கில் வெட்டித் தர வேண்டும் என்பது போல. தீனா தீர்ப்பு பொறுப்பை அரசு மேல் வைத்தது என்று கோர்ட்டுவாசல் சொன்னதன் மதிப்பு இதைப் பார்த்தால்தான் தெரியும்.

#9 களைகட்டு

#2-க்குத் தாமதமான பதில். என் பெயரே அந்தக் குறளிலிருந்து எடுத்தது என்பதால் சும்மா போக முடியவில்லை. 550-வது குறளில் வள்ளுவர் போட்ட வினை 'ஒறுத்தல்'. ஒறுத்தல் என்றால் தண்டித்தல். கொலைதான் அந்தத் தண்டனை என்பது பரிமேலழகர் உரை, அவர் 'கொலையான் ஒறுத்து' என்று பிரித்தார். 'கொலையில் கொடியவரை, அதாவது கொலைத் தொழிலில் கொடியவராக இருப்பவரை அரசன் தண்டித்தல்' என்றும் அந்த அடி பிரியும். அப்படிப் பிரித்தால் எந்தத் தண்டனை என்று குறள் சொல்லவில்லை. களை பறிக்கும் உவமை கொலைப் பக்கம்தான் சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு அடியை வைத்து மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு எழுதாதீர்கள்.

#10 நெல்லைச்சீமை

இலக்கணத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். வழக்கில் தோற்கவில்லை.

#11 சிறைவிதி

எல்லாரும் கடைசிச் சில நிமிடங்களையே பார்க்கிறீர்கள். தண்டனையின் பெரும்பகுதி அதற்கு முன்னால் இருக்கிறது.

1983-ல் வைத்தீஸ்வரன் எதிர் தமிழ்நாடு வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, நிறைவேற்றம் இரண்டு வருஷம் தாமதமானாலே தண்டனையைக் குறைக்கலாம் என்றார். அந்தக் கால எல்லையை அதே வருஷம் ஷேர் சிங் வழக்கிலும், 1989 திரிவேணிபென் வழக்கிலும் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2014 ஜனவரி 21-ல் நீதிபதி சதாசிவம் அமர்வு சத்ருகன் சவுகான் வழக்கில் கருணை மனுத் தாமதம், மனநோய் ஆகியவற்றுக்காகப் பதினைந்து பேரின் தூக்கை ஆயுளாக்கியது. ஒரு மாதத்துக்குள் பிப்ரவரி 18-ல் ராஜீவ் வழக்கின் மூவருக்கும் அதே அடிப்படையில் குறைந்தது.

சவுகான் தீர்ப்பு வைத்த விதிகளைப் பாருங்கள். கருணை மனு நிராகரிப்பைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும். கடைசியாகக் குடும்பத்தைப் பார்க்க விட வேண்டும். இவை எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தேவையில்லை. 2013 பிப்ரவரி 9-ல் அப்சல் குருவைத் தூக்கிலிட்டார்கள். தகவல் கடிதம் விரைவுத் தபாலில் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு.

இப்போதைய புதிய சட்டத்தில் 472-வது பிரிவு கருணை மனுவுக்கு 30 நாள் என்று கெடு வைத்திருக்கிறது. கெடு கைதிக்குத்தான். குடியரசுத் தலைவர் இத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அதில் இல்லை.

#12 ஈப்போக்காரன்

மலேசியாவிலிருந்து ஒரு குறிப்பு, ஏனென்றால் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் தொங்கியவர்களில் எங்கள் பெயர்கள் அதிகம்.

சிங்கப்பூரில் தூக்கு அடிக்கடி நடப்பது, ஒழுங்காகவும் நடப்பது. கயிற்றைப் பற்றி அங்கே புகார் இல்லை. சிக்கல் எல்லாம் கிராம் கணக்கில். தூய ஹெராயின் 15 கிராமுக்கு மேல், கஞ்சா 500 கிராமுக்கு மேல் என்றால் மரண தண்டனை கட்டாயம். 2013 முதல் ஒரு சின்ன ஜன்னல்: நீ வெறும் சுமந்தவன்தான் என்று காட்டி, புலனாய்வுக்குக் கணிசமாக உதவினாய் என்று அரசு வழக்கறிஞர் சான்றிதழும் தந்தால் ஆயுளும் பிரம்படியும். மேலிடத்தைத் தெரிந்தவனால் பெயர் சொல்ல முடியும். ஒன்றும் தெரியாத அடிமட்டக் கூலிக்கு விற்கத் தகவல் இல்லை, அவன் மாட்டுவான்.

நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராம் ஹெராயின், அறிவுத்திறன் அளவு 69, தூக்கு 2022 ஏப்ரல் 27. சிங்கப்பூர்க்காரரான தங்கராஜு சுப்பையா 1,017.9 கிராம் கஞ்சா, தூக்கு 2023 ஏப்ரல் 26. அவர் கையில் பொருள் பிடிபடவே இல்லை, தொலைபேசி எண்களை வைத்துச் சேர்த்தார்கள். விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் தரவில்லை என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

பாலத்தின் இந்தப் பக்கம் மலேசியா 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டது, பழைய தீர்ப்புகளையும் மறுபடி பார்த்தது. தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது, நீதிபதி கையில் தேர்வும் இருக்கிறது. கயிறு அதேதான், ஆனால் அதன் முன் நிற்கிறவர்கள் எத்தனை பேர் குறைந்தார்கள்!

#13 கோர்ட்டுவாசல்

அப்படியென்றால் முறையைப் பற்றி வாதாடுவது வீண் என்று முடித்துவிடலாமா? நான் ஒப்ப மாட்டேன். முறையை எதிர்த்து வென்ற சிறிய வழக்குகள் இருக்கின்றன. 1980-களின் நடுவில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பொது இடத்தில் தூக்கிலிடச் சொன்னது. லச்மா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் அது காட்டுமிராண்டித்தனம் என்று தடுத்தது. உடலை அரை மணி நேரம் தொங்கவிட வேண்டும் என்ற சிறை விதியை பரமானந்த் கட்டாரா 1995-ல் எதிர்த்தார். மருத்துவர் இறந்துவிட்டதாகச் சொன்ன பிறகு ஒரு நொடியும் தொங்கவிடக் கூடாது என்று ஆனது. மரண தண்டனை ஒழியும்வரை காத்திருந்திருந்தால் இவை வந்திருக்காது.

#14 சிறைவிதி

உண்மைதான். ஆனால் கயிற்றைச் சரிசெய்தாலும் ஆளைச் சரிசெய்ய முடியாத வழக்குகளைச் சொல்கிறேன்.

ஒரே கொலை வழக்கில் ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூவருக்கும் தூக்கு. காஷ்மீராவுக்கு உச்ச நீதிமன்றம் குறைத்தது. ஜீதாவை 1981 அக்டோபர் 6-ல் தூக்கிலிட்டார்கள். அதே காரணத்தைக் காட்டி ஹர்பன்ஸ் மனுப் போட்டபோதுதான் இந்த முரண் நீதிமன்றத்துக்கே தெரிந்தது. ராஜஸ்தானின் ராவ்ஜி வழக்கில், குற்றத்தை மட்டும் பார், குற்றவாளியின் சூழலைப் பார்க்காதே என்ற அடிப்படையில் 1996-ல் தண்டனை உறுதியாகி, அதே வருஷம் நிறைவேறியது. குற்றவாளியின் சூழலையும் பார்க்கச் சொன்ன பச்சன் சிங் தீர்ப்புக்கு அது முரண் என்று உச்ச நீதிமன்றமே 2009-ல் சந்தோஷ் பரியார் வழக்கில் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பளித்த மகாராஷ்டிர வழக்கு ஒன்று, அங்குஷ் ஷிண்டே. பத்து வருஷம் கழித்து 2019 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விட்டது.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், தூக்குக் கைதிகளில் 74.1 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். நெல்லைச்சீமை அண்ணாச்சி, களை என்று பறிக்கிற கைக்கு எது களை என்று தெரிய வேண்டுமே.

#15 நெல்லைச்சீமை

அங்குஷ் ஷிண்டே வழக்கு எனக்குத் தெரியாது. தீர்ப்பைப் படித்துவிட்டு வருகிறேன். ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லாத வழக்கு ஒன்றில், கசாப் மாதிரி, என் நிலை மாறாது. இதையும் எழுதி வைக்கிறேன்.

#16 தடயம்

மறுபடி #1-இல் உள்ள தரவுக் கேள்விக்கு. தூக்குக்குப் பிறகு பிரேதப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது 2014 சவுகான் தீர்ப்புதான். கழுத்தெலும்பு முறிந்து இறந்தாரா, நெரிபட்டு இறந்தாரா என்பது தெரிய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். அதற்கு முன் 1983-ல் தீனா தீர்ப்பு 'உடனடி மரணம்' என்று ஏற்றபோது இப்படிக் கட்டாயமாகத் திரட்டிய உள்நாட்டுப் பதிவு எதுவும் கிடையாது.

2014-க்குப் பிறகு இந்தியாவில் நடந்த தூக்குகள்: 2015 ஜூலை 30 நாக்பூரில் யாகூப் மேமன், 2020 மார்ச் 20 திகாரில் நால்வர். ஆக, அரசு நீதிமன்றத்துக்குத் தரக்கூடிய முழுத் தரவு ஐந்து உடல். மனுவை நடத்துகிறவர் யாராவது இதைப் படித்தால், அந்த ஐந்து பிரேதப் பரிசோதனை அறிக்கைகளையும் பெயர் மறைத்துத் தாக்கல் செய்யச் சொல்லி ஓர் இடைக்கால மனுப் போடலாம். கழுத்து முள்ளெலும்பு, நாவடி எலும்பு, முகத்தில் ரத்தப் புள்ளிகள், தண்டுவடம். இந்த நான்கு வரியைப் பார்த்தாலே பாதி வாதம் முடியும்.

#17 கோர்ட்டுவாசல்

பொறுப்பு அரசு மேல் என்று தீனா தீர்ப்பே சொல்லியிருப்பதால், தரமாட்டோம் என்று சொல்வது அவர்களுக்குத்தான் சிரமம். மனுவின் வரைவை நாளை இங்கே ஒட்டுகிறேன், தடயம் மருத்துவச் சொற்களைச் சரிபார்க்கவும்.